வெயில் யாருக்கு, ஒளி யாருக்கு?

அதியமான்கோட்டையைக் கடந்து செல்லும் சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலை, தருமபுரி மாவட்டத்தின் நிலமற்ற உழைப்பாளிகளைக் கட்டுமானப் பணிகளுக்கு அழைத்துச் செல்கிறது. நகரத்து அழகு நிலையங்களின் விளம்பரங்களோ கைப்பேசி வழியே அவர்களின் வீடுகளுக்குள் வருகின்றன. வெயிலால் கெட்ட தோலை ஒளியால் புதுப்பிக்கலாம் என்பது அவற்றின் வாக்குறுதி. வெயிலில் நிற்க விதிக்கப்பட்டவர்கள் யார், இந்த ஒளி யாருடைய தோலுக்காக அளவிடப்பட்டது என்ற இரு கேள்விகளை அவ்விளம்பரங்கள் எழுப்புவதில்லை.

ஐ.பி.எல். எனப்படும் துடிப்பொளிச் சிகிச்சையில் ஏறத்தாழ 500 முதல் 1200 நானோமீட்டர் வரையிலான ஒளி நொடிப்பொழுதில் தோலின்மீது பாய்ச்சப்படுகிறது. கரும்புள்ளியிலுள்ள மெலனின் அதனை உள்வாங்கிச் சூடேறிச் சிதைகிறது. வெளிர்ந்த தோலில் புள்ளி மட்டுமே சூடேறும். கருந்தோலிலோ சுற்றியுள்ள மெலனினும் ஒளியை உள்வாங்குவதால் தீப்புண், கொப்புளம், முன்னிலும் கருத்த தழும்பு, சில வேளைகளில் வெண்திட்டு ஆகியவை ஏற்படக்கூடும். 1064 நானோமீட்டர் லேசர் கருந்தோலுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது; அதற்கும் தேர்ந்த தோல் மருத்துவர் வேண்டும். ஒளியின் அளவைத் தீர்மானிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் தோல் வகைப்பாடு 1975இல் வெள்ளைத் தோலுக்காகவே உருவானது. பழுப்பும் கருப்பும் பின்னரே சேர்க்கப்பட்டன.

இச்சிகிச்சைக்குப் பின் பல வாரங்கள் வெயிலைத் தவிர்க்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. மறுநாளே களையெடுக்கவோ சித்தாள் வேலைக்கோ செல்ல வேண்டிய பெண்ணால் அதனை எவ்வாறு நிறைவேற்ற இயலும்? திருமணத்திற்கு முன் கடன் வாங்கிச் சிகிச்சை பெறுபவர், கடனை அடைக்க அதே வெயிலுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

நிறத்தைச் சாதியின் முத்திரையாக வாசிக்கும் பழக்கம் இச்சந்தையின் முதலீடு. அதற்கு அறிவியல் அடிப்படை இல்லை. தீண்டப்படாதோர் தனி இனத்தவர் என்ற கருத்தை, 1948இல் வெளியான ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் அண்ணல் அம்பேத்கர் மூக்களவைத் தரவுகளைக் கொண்டே மறுத்தார். வயலிலும் சூளையிலும் கருக்கும் தோல் பிறப்பின் சான்றன்று. நிலம் மறுக்கப்பட்டதன் சான்று.

சட்டம் இங்கே என்ன செய்கிறது? 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தில் தோல் நிறத்தையும் சேர்க்க ஒன்றிய அரசு 2020 பிப்ரவரியில் வரைவுத் திருத்தம் வெளியிட்டது. முதல் குற்றத்திற்கு 2 ஆண்டுச் சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் முன்மொழியப்பட்டன. அது சட்டமாகவில்லை. அதே ஆண்டு ‘ஃபேர் அண்ட் லவ்லி’ தன் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லைக் கைவிட்டது. பெயர் மாறியது, ஆசை காட்டும் வணிகம் மாறவில்லை. அரசியலமைப்பின் 15ஆவது கூறு மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. நிறம் அப்பட்டியலில் இல்லை.

தவறான சிகிச்சையால் காயமுற்றோருக்கு வழி இருக்கிறது. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டது என 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. ரசீது, சிகிச்சை அளித்தவரின் பெயரும் தகுதியும், காயத்தின் தேதியிட்ட படங்கள் ஆகியவற்றைப் பாதுகாப்பது அவசியம்.

ஆயினும் பணம் செலுத்தியவருக்கே இவ்வழி திறக்கிறது. வெயிலே காயப்படுத்தியவருக்கு என்ன வழி? 2025 வரை நடைமுறையிலிருந்த பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்வழித் தோல் நோய்கள் இடம்பெற்றிருந்தன. நாளுக்கொரு முதலாளியிடம் உழைக்கும் கூலியாளர் அதனை யார்மீது நிரூபிப்பார்? காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபடும் உரிமை 14, 21ஆம் கூறுகளில் அடங்கும் என 2024இல் ரஞ்சித்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அவ்வுரிமை பணியிடத்தில் நிழலாகவும் குடிநீராகவும் உச்சிவெயில் ஓய்வாகவும் உருப்பெற வேண்டும். அரசு மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவுகள் உழைப்பாளர்களின் வெயில் பாதிப்பைத் தொழில் பாதிப்பாகப் பதிவு செய்ய வேண்டும். தகுதியற்றோர் ஒளிக்கருவிகளை இயக்குவதை மாவட்ட நிர்வாகம் தடுக்க வேண்டும்.

நம் தோலுக்குத் திருத்தம் தேவையில்லை. திருத்தப்பட வேண்டியவை வேலை நேரமும் கூலியும் நிலவுரிமையுமே.