இரண்டு டன் என்று எழுதிய தகடு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கங்களில், முன்பு வயலும் தரிசுமாகக் கிடந்த நிலங்களில் இன்று எழும்பி நிற்கும் பெருங்கிடங்குகளில், சும்மாடு கட்டிய தலைகளும் மூட்டையைக் குத்தி இழுக்கும் கொக்கிகளும் அநேகமாக மறைந்து, அவற்றின் ஸ்தானத்தை ஃபோர்க்லிஃப்ட் என்னும் யந்திரம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மனிதனுடைய முதுகெலும்பைத் தேய்த்துவந்த வேலையை இரும்பு ஏற்றதில் எனக்குப் பரம திருப்தியே. அந்தக் காலமே நன்று என்று பெருமூச்சு விடுவோர் கட்சியில் நான் சேர்ந்தவன் அல்லன். என் வழக்கு அந்த வண்டியில் பதித்துள்ள ஒரு சிறு தகட்டைப் பற்றியது.

அத்தகட்டில் 2,000 கிலோ என்றும், அதன் அருகே 500 மில்லிமீட்டர் என்றும் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். முதல் எண்ணை அறியாதார் இல்லை. வண்டிக்கே ‘ரெண்டு டன் வண்டி’ என்றுதான் பெயர். இரண்டாம் எண் எதற்கு என்று கேட்டால், ஓட்டுகிறவர் மட்டுமன்றி, சில இடங்களில் அவரை அதட்டி வேலை வாங்கும் சூப்பர்வைசரும் விழிக்கிறார். உயிர் போகிற விஷயமோ அந்த இரண்டாம் எண்ணில்தான் இருக்கிறது.

‘லோடு சென்டர்’ என்று அதைச் சொல்லுவார்கள். பாரத்தை ஏந்தும் இரும்புக் கரமான ஃபோர்க்கின் செங்குத்தான முகப்பிலிருந்து பாரத்தின் ஈர்ப்பு மையம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே அது. முன்சக்கரங்களின் அச்சை ஆதாரமாகக் கொண்டு, ஒருபுறம் பாரமும் மறுபுறம் வண்டியின் உடலும், அதன் பின்னே வார்ப்பிரும்பால் அமைத்த எதிர் எடையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால், பாரம் எவ்வளவு என்பதோடு, எங்கே இருக்கிறது என்பதும் கணக்கில் சேர்கிறது. ஏற்றமரத்தின்மேல் முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்தவர்கள், தம் எடை மாறாமலே மரம் தாழ்வதையும் உயர்வதையும் ஏட்டுப் படிப்பின்றி அறிந்திருந்தார்கள். 1 மீட்டர் நீளமுள்ள பெட்டிக்கு, பாரம் உள்ளே சமமாகப் பரவியிருந்தால், மையம் 500 மில்லிமீட்டரில் விழும். ஒன்றரை மீட்டர்ப் பெட்டிக்கு 750. அச்சிலிருந்து ஃபோர்க் முகப்பு 400 மில்லிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், அதே ‘ரெண்டு டன் வண்டி’ அந்த நீளப் பெட்டியில் தாங்கக்கூடியது ஏறக்குறைய 1,565 கிலோதான். ஃபோர்க்கை மேலே ஏற்றும் கம்பமான மாஸ்ட் உயர உயர அதுவும் குறையும். டிரம்மைப் பிடிக்க ஓர் அட்டாச்மெண்ட் மாட்டினால் இன்னும் குறையும்.

பின்சக்கரம் தரையை விட்டு எழும்பினால் பெட்டியைக் கீழே இறக்கிவிடுவதே முறை. ஆனால் லாரி காத்திருக்கிறது, நேரம் போகிறது. ‘பின்னாடி ரெண்டு பேர் ஏறி நில்லுங்கப்பா’ என்று ஒரு குரல் வருகிறது; லோடுமேன்கள் இருவர் எதிர் எடையின்மேல் ஏறிக் கூரைக் கம்பியைப் பற்றிக்கொள்ள, பெட்டி எழுகிறது; அதைச் சாமர்த்தியம் என்று மெச்சுவாரும் உண்டு. அந்த வண்டி பின்சக்கரங்களால் திரும்புவது. வளைவில் அதன் பின்பகுதி வெளியே வீசும்போது, வண்டிக்கும் ரேக்குக்கும் இடையே அகப்படுகிறவர்கள் அவ்விருவரே. வண்டி பக்கவாட்டில் சாய்ந்தாலோ, ஓட்டுநர் வெளியே குதிக்கப் பார்க்கிறார். இயற்கையான அந்த உணர்ச்சியே கூரைக் கம்பியின் அடியில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பெல்ட்டை அவிழ்க்காமல், ஸ்டீயரிங்கை இறுகப் பற்றி, சாயும் திசைக்கு எதிராகச் சாய்ந்து இருக்கையிலேயே இருப்பதுதான் பிழைக்கும் வழி. ஒருவர் சொல்லிக்கொடுத்து, நாலுமுறை செய்துகாட்டினாலன்றி இது யாருக்கும் வராது.

விபத்து நேர்ந்தபின் ‘ஓட்டுநரின் அஜாக்கிரதை’ என்று எழுதிக் கோப்பை மூடுவது சுலபம். எடையும் மையமும் குறிக்காத பெட்டியை அனுப்பியவரும், தகட்டின் பொருளைச் சொல்லாமல் சாவியைக் கையில் கொடுத்தவரும், மேலே ஏறச் சொன்னவரும் அந்த வாக்கியத்தில் இடம்பெறுவதில்லை. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. அமெரிக்காவில் தொழிற்பாதுகாப்பு விதிகள், பயிற்சி பெற்றுச் சோதனையில் தேறாதவர் இவ்வண்டியைத் தொடலாகாது என்றும், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது அவருடைய திறமையை மறுபடியும் மதிப்பிட வேண்டும் என்றும் நிர்ப்பந்திக்கின்றன. பயிற்சி தொழிலாளிக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும் என்பதும் அங்கே நிபந்தனை.

நம் கிடங்குகளில் தமிழரோடு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். ஆகவே அத்தகட்டின் செய்தியைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும், எழுத்தறியாதவருக்குப் படமாகவும் பக்கத்திலேயே ஒட்டவேண்டும். பெட்டியை அனுப்புகிறவர் எடையையும் மையத்தையும் பெரிய எழுத்தில் அதன்மேல் குறிக்கவேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். நிர்வாகங்கள் தயங்கப்போவது மூன்றாவது ஒன்றுக்கு: தகட்டுக் கணக்கு ஒத்துவராதபோது ‘இதை நான் தூக்கமாட்டேன்’ என்று சொல்லும் ஓட்டுநரின் அன்றையக் கூலியைப் பிடிக்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்திடுவதற்கு. அந்தக் கையெழுத்தையே முதலில் கேட்கவேண்டும் என்பது என் கட்சி.