வயதும் வழிச்செலவும்

நம் கல்லூரிப் படிப்பகத்தில் ஒரு மாலை யாம் நால்வர் கூடியிருந்தபொழுது, ஐரோப்பாக் கண்டத்தில் பதினெட்டு வயதினர்க்கு இலவசமாகப் புகைவண்டிச் சீட்டு வழங்கப்படுகின்றது என்னும் செய்தியை ஒருவர் உரக்கப் படித்தார். எம்முள் இருவர், தமக்குப் பத்தொன்பது ஆகிவிட்டதே என்று நகைத்தனர். அச்சீட்டு அப்பகுதியில் குடியிருப்போர்க்கே உரியது என்பது அடுத்த வரியிலேயே இருந்தமையால் அந்நகை நெடிது நீளவில்லை. நான்காமவர் மட்டும் நகைத்திலர். அவர் எம் வகுப்பினரே எனினும் எம்மினும் மூன்றாண்டு மூத்தவர். 2020-ஆம் ஆண்டு பள்ளிப்படிப்பு முடிந்த வேளையில் தந்தையார் பக்கவாதத்தால் படுக்கையுற, மூன்றாண்டு அச்சுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கிய பின்னரே கல்லூரி புகுந்தவர். “பதினெட்டில் வீட்டைவிட்டு அகல முடியாதவனுக்கு அங்கே என்ன வழி?” என்று அவர் வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

ஐரோப்பிய நாடுகள் அளவிற் சிறியன, எல்லைகள் நெருங்கியன. காலையில் ஒரு மொழியும் மாலையில் பிறிதொரு மொழியும் கேட்கும்படி ஒரே பகலில் புகைவண்டியில் செல்லலாகும். (மின்னாற்றலால் ஓடும் வண்டியைப் புகைவண்டி என்றல் பொருந்துமோ எனின், பழகிய சொல்லைக் கைவிட மனம் ஒருப்படவில்லை.) அந்நாடுகளின் இருப்புப்பாதை நிலையங்கள் ஒன்றுகூடி, அகில நாட்டு இருப்புப்பாதைச் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, 1972-இல் ‘இன்டர்ரெயில்’ என்னும் சீட்டினை வெளியிட்டன. இருபத்தொரு வயதுவரை உள்ள இளைஞர், 27 பவுன் 50 பென்ஸ் கொடுத்து ஒரு திங்கள் முழுதும் 21 நாடுகளில் இரண்டாம் வகுப்பில் விரும்பியவாறு செல்லலாம். தம் சொந்த நாட்டிற்குள் மட்டும் அரைக்கட்டணம் செலுத்தல் வேண்டும். அடுத்த ஊருக்குத் தினமும் போய்வருபவன் இதனைக் கொண்டு இருப்புப்பாதையாரை ஏமாற்றலாகாது என்பது அவ்விதியின் கருத்துப் போலும்.

ஈண்டு நாம் நோக்கற்பாலது அவ்வயதெல்லை நின்ற இடத்தில் நில்லாமையே. இருபத்தொன்று என்பது 1976-இல் இருபத்துமூன்றாயிற்று, 1979-இல் இருபத்தாறாயிற்று, 1998-இல் அதனினும் மூத்தோர்க்கும் சீட்டு விற்கத் தொடங்கினர். இன்று அச்சீட்டினை எவ்வயதினரும் வாங்கலாம். பன்னிரண்டு முதல் இருபத்தேழு வயதுவரை உள்ளோர்க்கு முழுக்கட்டணத்தில் ஏறத்தாழக் கால் பங்கு குறையும். பன்னிரண்டு நிரம்பாத சிறுவர் மூத்தார் ஒருவருடன் கட்டணமின்றிச் செல்வர். அறுபது நிறைந்தார்க்கும் சிறு தள்ளுபடி உண்டு. சீட்டு வாங்கும் நாளின் வயதன்று, அது தொடங்கும் நாளின் வயதே கணக்கு. விலை கொடுத்து வாங்கும் சீட்டில் இளமைக்கு இங்ஙனம் பதினாறு ஆண்டு இடங்கொடுத்துள்ளனர்.

இளமைக்குக் கீழெல்லை வகுக்கும் விதிகளும் உள. அவற்றோடு எமக்குப் பிணக்கில்லை. பிரான்சு தேசத்தில் வாழும் பதினெட்டு நிரம்பாதவர், பெற்றோருள் ஒருவரேனும் உடன்வராது நாட்டெல்லை கடப்பின், பெற்றோர் கையொப்பமிட்ட இசைவுத்தாள் கொண்டு செல்லல் வேண்டும் என்பது 2017 சனவரி முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. பதினான்கு நிரம்பாத இத்தாலியச் சிறுவர் தனித்து அயல்நாடு செல்லுதல் இயலாது. பெற்றோர் அல்லது அவர் குறித்த ஒருவர் துணைவரல் வேண்டும். இவற்றை இளைஞர் சிலர் தளை என்று சினக்கலாம். அறியாத ஊர் நிலையத்தில் இரவிற் கடைசி வண்டியைத் தவறவிட்டு நிற்கும் பதின்மூன்று வயதுச் சிறுமியை நினைப்பார் அங்ஙனம் சினவார். காத்தற்கு வகுத்த எல்லை ஓரிடத்தில் நின்றே ஆகவேண்டும்.

கொடுத்தற்கு வகுத்த எல்லை வேறு. இனி எம் நண்பர் வினாவிற்கு வருவோம்.

‘டிஸ்கவர் ஈ.யூ.’ என்னும் திட்டத்தை ஐரோப்பிய ஒன்றியத்தார் 2018-இல் தொடங்கினர். ஒன்றியத்து நாடுகளிலும் இசைந்த வேறு சில நாடுகளிலும் வாழும் பதினெட்டு வயதினர், சில வினாக்களுக்கு விடை எழுதி விண்ணப்பித்தல் வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டார் ஒரு திங்கள்வரை கட்டணமின்றிப் பெரும்பாலும் புகைவண்டியிலேயே நாடுகளைக் கண்டு வரலாம். அங்கு முறையாகக் குடியிருப்போர் எவரும் விண்ணப்பிக்கலாமாதலின், பாரிசு நகரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகட்கும் இது கிட்டுவதே. செல்வர் பிள்ளைக்கே வாய்த்த உலாவினை ஏழை பிள்ளைக்கும் வாயிலாகத் திறந்த இந்நோக்கத்தை யாம் மனமாரப் போற்றுகின்றோம். ஆயினும் அவ்வாயில் ஒருவர் வாழ்வில் ஓராண்டளவே திறந்திருக்கின்றது. அவ்வாண்டிற்குள் ஒன்றோ இரண்டோ முறை விண்ணப்பிக்கலாம். அதற்குப் பின் இல்லை.

பதினெட்டே முதிர்ச்சியின் வாயில், வாக்குரிமை பெறும் வயது அதுவே, ஆதலின் அதனைக் கொண்டாடுகின்றோம் என்பர். ஆஸ்திரியாவில் 2007 முதல் பதினாறு வயதினரே வாக்களிக்கின்றனர். கிரேக்க நாட்டில் பதினேழு. ஆகவே பதினெட்டு என்னும் எண்ணில் இயற்கையாய் அமைந்த மறை ஒன்றுமில்லை. அன்றியும் அவ்வயது எத்தகையது? பள்ளியிறுதித் தேர்வு நெருக்குகின்ற வயது. பின்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் ஆடவர்க்குப் படைப்பயிற்சி எதிர்நிற்கும் வயது. தொழில் பழகப் புகுந்தான் முதலாளியிடம் விடுப்புக் கேட்க அஞ்சுகின்ற வயது. தேர்வு பெற்றார் சில திங்கள் கழித்தும் புறப்படலாம் என்பது உண்மையே. விண்ணப்பிக்கவே நினைவு வராத வீட்டில் இருப்பவனுக்கு அது பயன்படுமாறு எங்ஙனம்? யாருக்காக இத்திட்டம் எழுந்ததோ அவரே இதனை எளிதில் தவறவிடுகின்றார்.

சீட்டின் தொகை மிகாமல் வயதை மட்டும் விரித்தால் போட்டி பெருகுமே என்று வினவலாம். பெருகும், ஒரு முறைக்குரிய வாய்ப்புக் குறையும். ஆனால் பதினெட்டு முதல் இருபத்தொன்று வரை என்று வைப்பின், ஒருவர் நான்காண்டு முயலலாமன்றோ? பெற்றவர் மறுமுறை பெறாராக, நான்காண்டையும் கூட்டிப் பார்ப்பின் ஒருவர்க்குரிய வாய்ப்பு ஏறத்தாழப் பழைய அளவிலேயே நிற்கும். ஒன்றியத்தின் கருவூலத்திற்கு ஒரு காசும் மிகைச்செலவில்லை. மாறுவது ஒன்றே: பதினெட்டாம் ஆண்டை நோயிலும் உழைப்பிலும் இழந்தவன் கணக்கிற்குள் வருகின்றான்.

இஃது எம் புதுக்கற்பனையன்று. கொரோனாப் பெருநோய் பரவிய காலத்தில் இத்திட்டம் தடைப்பட்டது. பின்னர் 2021 அக்டோபரில் மீண்டும் விண்ணப்பம் வாங்கியபொழுது, 2001 சூலை முதல் நாளுக்கும் 2003 திசம்பர் இறுதிக்கும் இடையே பிறந்தார் அனைவரையும் ஏற்றனர், பதினெட்டும் பத்தொன்பதும் இருபதும் ஒருங்கே நின்றன, சீட்டு 60,000. ஓராண்டு கழிந்தது இளைஞர் குற்றமன்று என்று ஒன்றியத்தார் தாமே ஒப்புக்கொண்டனர். அவர் செய்தது நேரிய செயல். உலகு முழுதும் முடங்கியபோது காட்டிய அவ்விரக்கத்தை, ஒரு வீடு மட்டும் முடங்கும்போது காட்டலாகாதோ? தந்தையின் பக்கவாதம் அவ்வீட்டாருக்குப் பெருநோயே. செய்தித்தாளில் வாராமையொன்றே வேற்றுமை.

இவ்விவரத்தை நண்பரிடம் காட்டினோம். அவர் 2002-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பிறந்தவர். திகதிகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “அந்த ஒரு முறை மட்டும் நான் உள்ளே இருந்திருப்பேன்,” என்றார். பின்பு, அவ்வாண்டு அக்டோபரில் அச்சுக்கூடத்தில் தீபாவளி விளம்பரத் தாள்கள் இரவும் பகலும் ஓடினவென்றும், விண்ணப்பம் எழுத நேரம் இருந்திராதென்றும் சொல்லி, மணி அடிக்கவே இலக்கண வகுப்பிற்கு எழுந்து சென்றார்.