எத்தனை சதவீத லிக்னினைப் பார்த்தோம்?

ஊசியிலை மரங்களின் லிக்னின் எளியது என்ற நினைப்போடுதான் நம்மில் பலர் இத்துறைக்குள் வந்தோம். ஸ்ப்ரூஸிலும் பைனிலும் ஏறக்குறைய எல்லாமே கோனிஃபெரில் ஆல்கஹாலிலிருந்து பிறந்த குவாயசில் அலகுகள். சிரிஞ்சில் அலகு அநேகமாக இல்லை. சாய்ந்து வளர்ந்த மரத்தின் அடிப்புறக் கட்டையில் மட்டும் பாரா-ஹைட்ராக்சிஃபினைல் அலகு கூடுகிறது.

சிக்கலே குவாயசில் என்ற அந்த ஒற்றை அலகில்தான். சிரிஞ்சில் வளையத்தின் ஐந்தாம் கார்பனில் மெத்தாக்சில் தொகுதி உட்கார்ந்திருக்கும். குவாயசிலில் அந்த இடம் காலி. அங்கேதான் 5-5, பீட்டா-5, 4-ஓ-5 பிணைப்புகள் விழுகின்றன. தயோஅசிடாலிசிஸ் பீட்டா-ஓ-4 ஈதரை வெட்டும். கார்பன்-கார்பன் பிணைப்பைத் தொடாது. ஆகவே அது தரும் ஒற்றை அலகுகளின் கணக்கு, ஈதரால் மட்டுமே கட்டுண்டிருந்தவற்றின் கணக்குதான்.

5-5 பிணைப்பு நமக்குக் கற்பித்ததை மறக்கக் கூடாது. எரிக் ஆட்லர் 1977-இல் வெளியிட்ட ஸ்ப்ரூஸ் லிக்னின் வரைபடம் ஒரு தலைமுறைக்கே பாடமாக இருந்தது. அதில் டைபென்சோடையாக்சோசின் இல்லை. 5-5 பிணைப்பை உள்ளடக்கிய, எட்டு அணு கொண்ட அந்த வளையத்தை, ஹெல்சிங்கியில் ப்ரூனோவின் குழு இருபரிமாண என்எம்ஆரில் கண்டு சொன்னது 1995-இல். அதுவரை எல்லாரும் கையாண்ட அதே மரத்தில், அதே லிக்னினில் அது இருந்துகொண்டுதான் இருந்தது.

இன்று நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் எச்எஸ்க்யூசி என்ற இருபரிமாண என்எம்ஆர் நிறமாலை இல்லாதது அபூர்வம். ஹைட்ரஜன் ஒட்டியுள்ள கார்பனை மட்டுமே அது காட்டும். 5-5, 4-ஓ-5 பிணைப்புகளில் நேரடியாகப் பங்கேற்கும் கார்பன்களில் ஹைட்ரஜன் கிடையாது. இன்னொன்று: தளர்வாக அசையும் முனைத் தொகுதிகளின் சமிக்ஞை மெதுவாகத் தளர்வதால், அவை உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். இது கருவியின் குறையல்ல. அளவறி கார்பன்-13 நிறமாலையோடு ஒப்பிடாமல் அந்த எண்களை முழு மரத்துக்கும் பொருத்துவதுதான் தவறு.

அதைவிட என்னை உறுத்துவது அதற்கு முந்தைய படி. 1950-களில் பியோர்க்மன் வகுத்த முறையில், கட்டைத்தூளைக் குண்டுகள் போட்டு அரைத்து, நீர் கலந்த டையாக்சேனில் லிக்னினைக் கரைத்தெடுக்கிறோம். வழக்கமாகக் கைக்கு வருவது மரத்திலுள்ள லிக்னினில் கால் பங்கு போல. விளைச்சலைக் கூட்ட இன்னும் அரைத்தால் பீட்டா-ஓ-4 உடைகிறது. ஃபினாலிக் ஹைட்ராக்சிலும் ஆல்ஃபா கார்போனைலும் கூடுகின்றன. ஸ்ப்ரூஸ் லிக்னின் நேர்ச்சங்கிலி என்று 2011-இல் ஒரு கட்டுரை வாதிட்டது. இல்லை, கிளைத்துக் குறுக்காகவும் இணைந்தது என்று 2020-இல் இன்னொன்று மறுத்தது. நான் இரண்டாவது பக்கம். ஆனால் இரு தரப்பும் பேசுவது அரைத்துப் பிரித்த லிக்னினைப் பற்றி. மீதி முக்கால் பங்கு கட்டையிலேயே கிடக்கிறது.

எனவே அடுத்த இதழ் முதல், நூறு அரோமாட்டிக் அலகுக்கு இத்தனை பிணைப்பு என்று தருவோர், அதே அட்டவணையில் கிளாசன் லிக்னினை அடிப்படையாகக் கொண்ட விளைச்சல் சதவீதம், அரைத்த மணிநேரம், எஞ்சிய சர்க்கரை அளவு ஆகியவற்றையும் தர வேண்டும். துணைக்கோப்பில் போட்டால் போதாது. கிளாசன் அளவுக்கு முன் பிசினை அசிட்டோனில் நீக்கியதையும் குறிப்பிடுங்கள். பைனில் அதை விட்டுவிட்டால், 72 சதவீதக் கந்தக அமிலத்தில் கரையாத பிசினும் லிக்னின் கணக்கில் சேர்ந்துவிடும். என் முதல் ஆண்டு அளவீடுகளில் ஒரு தொகுதி முழுவதும் அப்படித்தான் வீணாயிற்று.

முன்பே நம் இதழில் வெளியிட்டவர்கள் தங்கள் ஆய்வகக் குறிப்பேட்டிலிருந்து விளைச்சலையும் அரைத்த நேரத்தையும் எடுத்து அனுப்பினால், பழைய கட்டுரையோடு இணைப்புக் குறிப்பாக வெளியிடுவோம்.