விற்கும் வீட்டைக் காட்டும் முன்

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டை எவ்வாறு ஒழுங்குசெய்வது என்பதை நம் இல்லத்தரசிகளுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டையே பார்க்க வருகிறார்கள் என்னும்போதுதான் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. சென்ற ஐப்பசியில் நம் பெரியக்கா தம் கொடைரோடு வீட்டை விற்றுவிடுவதெனத் தீர்மானித்து, "தம்பி, ஒரு வாரம் வந்து கூட இரு" என்று சொல்லியனுப்பினார். இத்தகைய காரியத்தில் நமக்கும் அனுபவம் கிடையாது. ஆயினும் சென்றோம். ஒரு வாரம் என்று போனது ஆறு வாரமாயிற்று. அங்கு நாம் கண்டதும் தவறியதும் வாசகக் குடும்பங்கள் சிலவற்றுக்கேனும் பயன்படும் என்னும் எண்ணத்தில் இம்மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

கொடைரோடு என்பது இரயில்வே தந்த பெயர். ஊர் அம்மையநாயக்கனூர். 1875-ஆம் ஆண்டில் மதுரைக்கு இருப்புப்பாதை வந்த பின், கொடைக்கானல் மலைக்குப் போவோர் இறங்கும் நிலையமாக இது பெயர்பெற்றது. மலைக்கு இங்கிருந்து இன்றும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் செல்லவேண்டும். கிழக்கே சிறுமலை, சுற்றிலும் பன்னீர்த் திராட்சைப் பந்தல்கள். அத்தான் இரயில்வேயில் பணிபுரிந்தவர். தண்டவாளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் மனை வாங்கி அவர் கட்டிய வீடு அது. வாசல் நிலைக்கு மேலே 1968 என்று சுதையில் எழுதியிருக்கும். அவர் 2011-இல் காலமானார். எழுபத்தாறு வயதில் அக்கா அங்குத் தனியே இருந்தார். திருச்சியிலுள்ள மகள் தம்மோடு வந்துவிடும்படி மூன்றாண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார்.

நாம் போய்ச் சேர்ந்த அன்று சுண்ணாம்புக்கும் தூரிகைக்கும் ஆள் சொல்லியாகிவிட்டது. பத்திரங்கள் எங்கே என்று கேட்டோம். பரண்மேல் ஒரு தகரப்பெட்டியில் இருந்தன. வெள்ளையடிப்பதற்கு முன்னே அப்பெட்டியை இறக்கியது நல்லதாயிற்று. ஏனெனில், தரகர் அக்காவிடம் ஏற்கெனவே ஒரு யோசனை கூறியிருந்தார்: மகளுக்குத்தான் நகையும் சீரும் செய்து கொடுத்தாகிவிட்டதே, தாயும் இரு மகன்களும் கையெழுத்திட்டால் போதும் என்று. இது முழுத் தவறு. கிறிஸ்தவக் குடும்பத்தில் தந்தை உயில் எழுதாமல் இறந்தால், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரு பங்கும் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். மகன், மகள் என்ற வேறுபாடு அதில் இல்லை. கொடுத்த நகை அப்பங்கை அழித்துவிடாது. திருவிதாங்கூர்ப் பகுதியில் மட்டும் 1916-ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்று மகளுக்கு மகனின் பங்கில் காற்பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதையே தந்து வந்தது. மேரி ராய் அம்மையார் தொடுத்த வழக்கில், 1986-இல் உச்சநீதிமன்றம் அங்கும் 1925-ஆம் ஆண்டுச் சட்டமே செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆண்டுகள் பல சென்ற பின்னும் நம் தரகர்களுக்கு இச்செய்தி எட்டவில்லை போலும்.

மகளுக்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். மறுநாளே வந்து சேர்ந்தார். பங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பரணைச் சுத்தம் செய்ய ஏறிவிட்டார். அண்ணன்மார் இருவரும் அவர் பெயரை மறந்ததைப் பற்றி அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை நாம் அறியோம். வாரிசுச் சான்று, பட்டாவில் பெயர் மாற்றம், வீட்டுவரி ரசீது, மூலப்பத்திரம் இவற்றை ஒரே உறையில் சேர்த்துவைக்கப் பதினைந்து நாள் பிடித்தது. வில்லங்க விவரத்தை இப்போது பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். வாங்க வருபவர் பார்க்குமுன் விற்பவர் ஒருமுறை பார்த்துவிடுவது நலம்.

இனி வீட்டுக்கு வருவோம். ஐம்பதாண்டுகளில் ஒரு வீடு எத்தனை பொருளை விழுங்கிவிடுகிறது! ஒட்டை அண்டாக்கள், கைப்பிடியற்ற குடைகள், இரயில்வே நாட்காட்டிகள், எவருடைய பல்செட்டோ ஒன்று. அமெரிக்காவில் விற்பனைக்குள்ள வீட்டை வாடகைச் சாமான்களால் அலங்கரித்துத் தருவதையே தொழிலாகக் கொண்டோர் உளர் என்று படித்திருக்கிறோம். நமக்கு அது வேண்டியதில்லை. சாமான்களில் பாதியை அகற்றினாலே அறை இரு மடங்காகிவிடுகிறது. அடுக்களைச் சுவரில் கரிக்கட்டியால் போட்ட பால் கணக்கும், பசு ஈன்ற தேதிகளும் இருந்தன. அவற்றை மட்டும் அக்கா கடைசி நாள்வரை அழிக்கவிடவில்லை.

மேற்குச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. நல்ல பிளாஸ்டிக் பெயிண்ட் இரண்டு பூச்சு அடித்தால் தெரியாது என்றார் கோயம்புத்தூரிலுள்ள மூத்த மகன். தெரியாதுதான், மூன்று மாதத்துக்கு. செங்கல் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரம் எப்படியும் வெளியேறியே தீரவேண்டும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும். பெயிண்ட் வழியை அடைத்துவிடும்; அப்போது ஈரம் இன்னும் மேலேறி, பூச்சைக் கொப்புளமாகத் தள்ளி உதிர்த்துவிடும். ஆகவே உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்தெடுத்து, உதிர்ந்த காரையை நீக்கி, சுண்ணாம்பே அடிக்கச் சொன்னோம். அதிலும் நமக்கொரு தவறு நேர்ந்தது. ஐப்பசி அடைமழையில் வெளிச்சுவருக்கு வெள்ளையடித்தால் என்னவாகும் என்பதை ஒரு சிறு பிள்ளையும் சொல்லும். முதல் பூச்சு இரவோடிரவாகத் திண்ணையில் பாலாக ஓடியது. கூலியை இருமுறை கொடுத்தோம்.

சன்னல் மூலையிலிருந்து சாய்வாகச் சென்ற ஒரு விரிசல் எல்லாருக்கும் அச்சமூட்டியது. வயதான கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். விரிசலின் குறுக்கே மூன்று இடங்களில் சுண்ணாம்புச் சாந்தால் மெல்லிய பொட்டு வைத்து, பக்கத்தில் தேதியைக் குறித்துவிட்டுப் போனார். சுவர் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால் பொட்டு வெடிக்கும். வெடிக்காவிட்டால் அது என்றோ நின்றுபோன பழைய விரிசல். மழைக்காலம் முழுதும் அப்பொட்டுகள் அசையவில்லை. விரிசலை அடைக்கவேண்டாம், பொட்டோடு அப்படியே காட்டுங்கள் என்றார் அவர். அவ்வாறே செய்தோம். வந்தவர்கள் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். விளக்கம் கேட்டபின் எவரும் அதைப்பற்றி மறுபடி பேசவில்லை.

முன்னறையில் இயேசுவின் திரு இருதயப் படம். வாங்க வருபவர் எச்சமயத்தவரோ, அதைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாமே என்றார் தரகர். இளைய மகனுக்கும் அது சரியென்றே தோன்றியது. அக்கா ஒரே சொல்லில் முடித்தார்: "நான் போகும்போது அதுவும் வரும்." நமக்கும் அதுவே முறையெனப் பட்டது. வீடு கைமாறும்வரை அங்கே குடியிருப்பது ஒரு குடும்பம், சரக்கறை அன்று. தரகர் வேறொன்றும் செய்யப் பார்த்தார். வண்டிகள் போகாத நேரமாகப் பார்த்து ஆட்களை அழைத்து வருவதாகக் கூறினார். இரயில்காரர் கட்டிய வீட்டில் இரயில் சத்தத்தை ஒளிக்கவா என்று அக்கா சிரித்துவிட்டார்.

ஆனால் கிணற்றின் காரியம் சிரிப்பாக இல்லை.

அந்தக் கிணறு கார்த்திகையில் கைக்கெட்டும் அளவுக்கு நிறைந்திருக்கும். சித்திரையில் வாளி தரையில் மோதும். பங்குனி பாதியிலிருந்தே அக்கா குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குவார். ஆழ்துளைக் கிணறு கிடையாது. இதைத் தெரிந்துதான் தரகர் கார்த்திகையில் காட்டலாம் என்று நாள் வைத்திருந்தார். மகன்கள் இருவரும் அதில் தவறொன்றும் காணவில்லை. கேட்டால் சொல்லலாம், கேளாததை எதற்குச் சொல்வது என்றார்கள். பொய் சொல்வதில்லையே என்பது அவர்கள் வாதம். வாங்குபவனே விழிப்பாய் இருக்கட்டும் என்று பழைய விதி ஒன்றும் உண்டு. உலகில் பெரும்பாலான வியாபாரம் அதன்மேல்தான் நடக்கிறது.

ஆயின் நம் நாட்டுச் சட்டம் அவ்வளவோடு விட்டுவிடவில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு: சொத்திலோ அதன் உரிமையிலோ உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தால் அவரால் கண்டுபிடிக்கவும் இயலாததாய் இருப்பின், அதை விற்பவர் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாது விடுவது மோசடியெனவே அப்பிரிவு கூறுகிறது. இதன் மறுபக்கமும் அதிலேயே உள்ளது: சொத்தில் விற்பவருக்குள்ள உரிமையின் மதிப்பை உயர்த்தக்கூடிய செய்தி வாங்குபவருக்குத் தெரிந்து, விற்பவருக்குத் தெரியாதிருந்தால், அதை வாங்குபவர் சொல்லவேண்டும். விரிசலும் ஓதமும் கண்ணுக்குத் தெரிபவை. கதவுநிலையில் கறையான் அரித்திருந்தால் விரலால் தட்டியே அறியலாம். கார்த்திகையில் வந்து நிற்பவர் சித்திரைக் கிணற்றை எந்தக் கவனத்தால் காண்பார்? கிணற்று நீர் சட்டத்தின் கண்ணில் 'முக்கியமான குறை'தானா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு அதில் ஐயமிராது.

சட்டத்தை எடுத்துச் சொன்னது நாமே. முடிவு செய்தது அக்கா. அவர் சட்டத்தைக் கேட்டு முடிவு செய்ததாகவும் நமக்குத் தோன்றவில்லை. முதலில் வந்த குடும்பம் மதுரையிலிருந்து வந்தது. வீடு பிடித்துவிட்டது. கிணற்றடியில் நின்று, "கைக்கே எட்டுதே தண்ணி!" என்று வியந்தார்கள். அக்கா அவர்களுக்குத் திராட்சை எடுத்துவைத்துவிட்டு, பங்குனிக்குமேல் எட்டாது என்றார். அவர்கள் திராட்சையை உண்டு, யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போனார்கள். அவர்களிடமிருந்து பிறகு செய்தியில்லை. அன்றிரவு மூத்த மகன் தொலைபேசியில் பேசிய குரல் அடுத்த அறையில் இருந்த நமக்கும் கேட்டது. அவருக்கும் கடன் இருக்கிறது. அவர் பங்கை நம்பி அவர் கணக்குப் போட்டிருந்தார். அவரைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை.

இரண்டாவதாக வந்தவர்கள் நிலக்கோட்டைப் பக்கத்து ஆசிரியத் தம்பதியர். கிணற்றின் கதையைக் கேட்டதும் அவர்கள் எழுந்து போகவில்லை. மாறாக, ஆழ்துளைக் கிணறு போடும் செலவு முழுவதையும் விலையில் குறைக்கச் சொன்னார்கள். அதற்குமேலும் கொஞ்சம் குறைத்தார்கள். வாங்குபவர்க்கும் பாரம் உண்டு என்பதை மறக்கலாகாது. தமிழ்நாட்டில் 2023 மார்ச் இறுதி முதல் முத்திரைத்தீர்வை 7 விழுக்காடும் பதிவுக்கட்டணம் 2 விழுக்காடும் பொதுவாக அவர்கள் தலையில்தான் விழுகின்றன. முன்பணத்தை ரொக்கமாகத் தந்துவிடுவதாக அவர்கள் சொன்னபோது நாம் குறுக்கிட்டோம். மனை, வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடுத்திருக்கிறது. வங்கி வழியே வந்தது.

தை மாதத்தில் கிரயம் முடிந்தது. நான்கு பேரும் கையெழுத்திட்டார்கள். மூத்த மகன் கையெழுத்திட்டுவிட்டு அம்மாவோடு சாப்பிடாமலே கோவை வண்டிக்குப் போய்விட்டார். வாசலுக்குப் போட்டிருந்தது பழைய திண்டுக்கல் பூட்டு. அவ்வூர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்லி, அதை விட்டுச் செல்லலாகாது, எடுத்துச் செல்லுங்கள் என்றார் வாங்கிய ஆசிரியை. வீட்டோடு வந்த பூட்டு வீட்டோடு இருக்கட்டும் என்று அக்கா இரு சாவிகளையும் கொடுத்தார். படத்தை மகள் கழற்றினார். அரை நூற்றாண்டுப் புகை படாத வெள்ளைச் சதுரம் ஒன்று, புதுச் சுண்ணாம்பின் நடுவிலும் தனியே தெரிந்தது. படத்தை நகர்த்தாமலே சுற்றி அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் வேலையாட்கள்.

அக்கா இப்போது திருச்சியில் இருக்கிறார். மூத்த மகன் மாசி கடைசியில் ஒருமுறை தொலைபேசியில் பேசினாராம். மருந்து சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்டாராம். சித்திரையில் நாம் கொடைரோடு வழியே போக வேண்டியிருக்கிறது. கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் கிடக்கிறது என்று இறங்கிப் பார்த்து வரும்படி அக்கா சொல்லியிருக்கிறார்.