வாசனைக்குச் சொந்தக்காரர் யார்?

ஒரு பாட்டு பிடித்துப் போனால் இசையமைப்பாளர் யார் என்று உடனே கேட்பார்கள். ஒரு படம் பிடித்தால் இயக்குனர் யார் என்று தேடுவார்கள். ஆனால் ஒரு சென்ட் பாட்டிலை வாங்கும் போது, அதை உருவாக்கியவர் யார் என்று கேட்பவர்கள் எத்தனை பேர்? கம்பெனி பெயர் மட்டும் தானே கண்ணில் படுகிறது!

ழான் க்ளோத் எலெனாவின் கதை இதை யோசிக்க வைக்கும். 1947ல் பிறந்தவர். வாசனைத் தொழிலுக்குப் பேர் போன, பிரான்சின் கிராஸ் நகரம் தான் சொந்த ஊர். அப்பாவுக்கும் அதே தொழில். எலெனா 16 வயதிலேயே அந்த ஊர் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். 1968ல் ஜெனீவா சென்று ஜிவோதான் நிறுவனத்தின் பள்ளியில் படித்தார். 1976ல் ஒரு நகைக் கம்பெனிக்காக அவர் செய்த 'ஃபர்ஸ்ட்' அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

அது பல பூக்களின் வாசனையை அடுக்கிக் கட்டிய, ஆடம்பரமான சென்ட். மற்றவர்களாக இருந்தால் அதே பாணியில் காலத்தை ஓட்டியிருப்பார்கள். எலெனாவோ எதிர்த் திசையில் நடந்தார். தன் மேஜையில் இருந்த மூலப்பொருட்களைக் குறைத்துக் கொண்டே வந்தார். ஆயிரத்துக்கும் மேல் பொருட்கள் கிடைக்கும் தொழிலில், ஏறத்தாழ 200 பொருட்களே தனக்குப் போதும் என்றார். 1992ல் பல்கேரி நிறுவனத்துக்காக அவர் செய்த பச்சைத் தேயிலை வாசனை இதற்கு நல்ல உதாரணம். தேயிலையைப் பிழிந்து ஊற்றவில்லை. மல்லிகையையும் வயலட் பூவையும் நினைவூட்டும் வேதிப்பொருட்களைச் சேர்த்து, தேநீர் என்று மூக்கை நம்ப வைத்தார்!

2004ல் எர்மேஸ் நிறுவனத்தின் வாசனைக் கலைஞர் ஆனார். எகிப்தின் அஸ்வானில் மரத்தில் தொங்கிய மாங்காயின் வாசனை, 2005ல் வந்த நைல் நதித் தோட்டத்து சென்ட்டுக்கு வித்தானது. கேரளத்து மழை 2008ல் இன்னொன்றுக்கு வித்தானது.

இவ்வளவு செய்தும் சட்டம் என்ன சொல்கிறது? ஒரு வாசனைக் கலைஞர் தொடுத்த வழக்கில், பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2006ல் தீர்ப்பு சொன்னது: சென்ட் என்பது வெறும் தொழில் திறமை, அதற்குப் பதிப்புரிமை கிடையாது. கதை எழுதுபவருக்கும் மெட்டு போடுபவருக்கும் உள்ள உரிமை, வாசனையைப் படைத்தவருக்கு இல்லை. குறைவான பொருட்களால் இல்லாத தேநீரை இருப்பதாகக் காட்டுவது கற்பனை இல்லை என்றால் வேறு எது கற்பனை?

கலைஞரின் பெயரைப் போட்டால், அவர் விலகும் போது பிராண்ட் அடிபடும் என்று கம்பெனிகள் பயப்படலாம். இந்தப் பயத்தில் அர்த்தம் இல்லை. 2000ல் ஃப்ரெடெரிக் மால் என்பவர் ஒரு நிறுவனம் தொடங்கி, எலெனா உள்பட ஒவ்வொரு கலைஞரின் பெயரையும் பாட்டில் மேலேயே அச்சிட்டார். அந்த வியாபாரம் வளரத் தான் செய்தது. எலெனாவின் இடத்துக்கு 2016ல் கிறிஸ்டின் நாஜெல் வந்தார். அதன் பிறகும் எலெனா 2006ல் செய்த 'தேர் தெர்மேஸ்' விற்றுக் கொண்டு தான் இருக்கிறது.

சட்டம் மாற நாளாகும். பாட்டிலில் பெயர் போட ஒரு வரி இடம் போதும். அதையாவது இப்போதே கொடுக்கலாமே!