தேவையறிந்து திறக்கும் மடைகள்



இந்த வரியை வாசிக்கும்போது உங்கள் மூளையின் பிடரிப் பக்கத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் குருதி பாய்கிறது. பார்வைக்குரிய பகுதி அங்கேதான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் அந்தப் பாய்ச்சல் குறைந்துவிடும். இதை யார் கூட்டுவது, யார் குறைப்பது?

மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதமே. ஆனால் உடல் செலவிடும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. இவ்வளவு பசியிருந்தும் சேமித்து வைக்க அதனிடம் களஞ்சியம் இல்லை. குருதி சில விநாடிகள் நின்றால் மயக்கம் வரும். சில நிமிடங்கள் நின்றால் கலங்கள் மடியத் தொடங்கும்.

இத்தாலிய அறிஞர் அஞ்சலோ மொஸ்ஸோ, காயத்தினால் மண்டையோட்டில் துவாரம் விழுந்த ஒரு விவசாயியை ஆராய்ந்தார். 8ஐ 12ஆல் பெருக்கும்படி கேட்டதும் அவருடைய மூளையின் துடிப்பு உயர்ந்தது. 1881இல் இது நூலாக வெளிவந்தது. மூளை தன் தேவைக்கேற்பத் தானே குருதியைப் பெறுகிறது என்று 1890இல் ரோய், ஷெரிங்டன் என்ற இருவர் எழுதினார்கள்.

அது எப்படி நடக்கிறது? நம் வயற்காணிகளில் வட்டவிதானையார் பார்த்து மடையைத் திறந்துவிடுவார். மூளையிலோ வயலே செய்தி அனுப்புகிறது! வேலை செய்யும் நரம்புக் கலங்கள் பொற்றாசியத்தை வெளிவிடுகின்றன. அருகிலுள்ள மயிர்க்குழாய்களின் சுவர் அதை உணர்கிறது. செங்குருதிக் கலங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் மட்டுமே நுழையக்கூடிய மெல்லிய குழாய்கள் இவை. அவற்றிலிருந்து ஒரு மின்சைகை மேல்நோக்கி ஓடிப் புன்னாடியை அடைகிறது. உடனே புன்னாடியின் தசை தளர்ந்து வழி விரிகிறது. கேட்ட இடத்துக்குக் குருதி பாய்கிறது. எலிகளின் மூளையில் இதனைக் கண்ட அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள்.

இனி நமது வீட்டுக்கு வருவோம். உயர் குருதி அழுத்தமும் சீனி வியாதியும் புகைத்தலும் பல வருடங்களாக இந்தச் சிறு குழாய்களைத் தாக்குகின்றன. சுவர்கள் தடித்து விறைக்கின்றன. செய்தி போனாலும் மடை சரியாகத் திறப்பதில்லை. பெரிய வருத்தம் எதுவும் தெரியாது. ஆனால் நடை தளரும், யோசனை மந்தமாகும், மறதி கூடும். "வாப்பாவுக்கு வயசு போயிட்டுது" என்று நாமும் விட்டுவிடுகிறோம். எல்லா மறதிக்கும் இதுதான் காரணம் என்பதில்லை. ஆயினும் வைத்தியரிடம் காட்டாமல் வயதின் மேல் பழி போடுவது சரியா?

தலையிடி இல்லை, மயக்கமில்லை என்று பிரஷர் மருந்தை நிறுத்திவிடுவோர் நம்மில் எத்தனை பேர்! அழுத்தம் கூடினால் உடம்பு சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் அது சொல்வதில்லை. அளந்துதான் அறியவேண்டும். வைத்தியர் சொல்லாமல் மருந்தை நிறுத்தவேண்டாம். திடீரென முகம் ஒருபக்கம் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால், விடியட்டும் என்று இருக்காமல் உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

உங்கள் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் கடைசியாகப் பிரஷர் பார்த்தது எப்போது? இந்தப் பக்கத்தை மூடிவிட்டு, முதலில் அதைக் கேளுங்கள்.