யார் கையில் உண்டியல்? யார் பெட்டியில் பணம்?

சம்பளம் பாங்கியில் விழுந்த மறுநாள் கடைவீதிக்குப் போய்ப் பாருங்கள். ஏ.டி.எம். வாசலில் ஒருவர் ரசீதுப் புத்தகத்துடன் நிற்பார். பஸ் ஸ்டாண்டில் ஒலிபெருக்கி கட்டிய வேன். அதன் நெற்றியில், மூக்கில் குழாய் சொருகிய குழந்தையின் படம். ரயிலில் ஏறினால் வாய் பேசாதவர் என்று அச்சடித்த அட்டை மடியில் வந்து விழும். வாரச்சந்தையிலும் இதே கதைதான். பங்களா வாசலில் மட்டும் இவர்களைக் காண முடியாது. அங்கே காவற்காரனும் நாயும் உண்டு!

ஆகவே தர்மம் கேட்டு நீளும் கை கூலிக்காரனின் சட்டைப் பையைத்தான் தேடி வருகிறது. அவனும் கொடுக்கிறான். பசி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும்.

டீக்கடையில் இதற்கு இரண்டு தீர்ப்புகள் உண்டு. "எல்லாம் பித்தலாட்டம், விரட்டியடி" என்பது ஒன்று. "போட்டுவிட்டுப் போ, புண்ணியம்" என்பது மற்றொன்று. இரண்டும் யோசிக்க மறுக்கிறவனின் தீர்ப்புகள். முதலாவது, ஏழையை ஏழையின் மீதே ஏவிவிடுகிறது. இரண்டாவது, வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கொடு என்கிறது. முதலாளிக்கு இரண்டுமே சௌகரியம்தான்.

கழுத்தில் அடையாள அட்டையும் கையில் பலகைக் கம்ப்யூட்டருமாக நம்மை மறிக்கும் இளைஞனைப் பாருங்கள். படித்தவன், வேலை கிடைக்காதவன். இவர்களில் பலர் அந்தத் தர்ம ஸ்தாபனத்தின் ஊழியர்கூட அல்ல. வசூலைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனியின் ஆள். நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு. கணக்கு குறைந்தால் வேலை போச்சு. நாள் முழுக்க வெயிலில் நிற்கிற அவனிடம் எரிந்து விழுவதில் என்ன வீரம்? பி.எஃப். பிடிக்கிறார்களா, ஈ.எஸ்.ஐ. உண்டா என்று கேளுங்கள். அவன் முகம் மாறும்.

ஆனால் அவன் நீட்டுவதில் நடுவீதியில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அவன் கேட்பது பெரும்பாலும் இன்றைக்கு நூறு ரூபாய் அல்ல. மாதாமாதம் உங்கள் கணக்கிலிருந்து தானாகக் கழித்துக்கொள்ளச் சம்மதம். பேரையும் பதிவு எண்ணையும் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்து நாலு பேரிடம் விசாரியுங்கள். நாணயமான ஸ்தாபனம் நாளைக்கும் இருக்கும்.

வேனில் வரும் குழந்தை? இங்கேதான் பத்து ரூபாய் போட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அந்த அட்டை வாங்கினார்களா என்று கேளுங்கள். வாங்கவில்லை என்றால் உங்கள் தோழர் ஒருவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அவர்களைக் கலெக்டர் ஆபீசுக்கு அழைத்துப் போகட்டும். பொய்யான வேனாக இருந்தால் அந்தக் கேள்வியிலேயே வண்டி கிளம்பிவிடும்!

காப்பீட்டுக்கு எட்டாத வியாதிகளும் உண்டு. முதுகுத்தண்டுத் தசைநார் சிதைவு என்ற கொடிய நோய் பச்சைக் குழந்தைகளைத் தாக்குகிறது. அதற்கு ஸோல்ஜென்ஸ்மா என்று ஒரே ஒரு ஊசி. 2021-ல் அதன் விலை ஏறத்தாழ 16 கோடி ரூபாய்! அந்த ஆண்டு நம் நாட்டில் இந்த ஊசிக்காகப் பெற்றோர்கள் ஊரெல்லாம் கையேந்தினார்கள். ஜனங்கள் அள்ளிக் கொடுத்தார்கள். சர்க்கார் செய்தது என்ன? கூக்குரல் எழுந்த பிறகு சில குழந்தைகளுக்கு இறக்குமதி வரியையும் ஜி.எஸ்.டி.யையும் தள்ளுபடி செய்தது. அந்த வரி மட்டுமே சுமார் 6 கோடி. சாகக் கிடக்கிற குழந்தையின் ஊசிக்கும் வரி போட்டு வைத்திருந்தார்கள் என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

இதைவிடப் பெரிய அக்கிரமம் ஒன்று உண்டு. பிரான்ஸ் தேசத்தில் 1987 முதல் ஆண்டுதோறும் தொலைக்காட்சி மூலம் டெலிதான் என்ற பெயரில் ஜனங்களிடம் நன்கொடை திரட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் நடப்பது ஜெனெத்தோன் என்ற ஆராய்ச்சிக்கூடம். இந்த ஊசிக்கு அடிப்படையான ஆராய்ச்சியில் ஒரு பகுதி அங்கே நடந்தது. அதன் காப்புரிமைகளைப் பயன்படுத்தும் அனுமதியை அவெக்ஸிஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி பெற்றது. 2018-ல் அந்தக் கம்பெனியையே 870 கோடி டாலருக்கு நோவார்டிஸ் வாங்கியது. 2019-ல் மருந்து சந்தைக்கு வந்தபோது போட்ட விலை 21 லட்சம் டாலருக்கும் மேல்!

கவனியுங்கள். முதலில் ஜனங்கள் நன்கொடை கொடுத்தார்கள், விஞ்ஞானம் வளர்ந்தது. பிறகு ஏகபோகம் அதை வாங்கிப் பூட்டு போட்டது. அந்தப் பூட்டைத் திறக்க ஜனங்கள் மறுபடியும் நன்கொடை கொடுக்க வேண்டும்! நம்மூர் பஸ் ஸ்டாண்டில் விழும் பத்து ரூபாயும் கடைசியில் அந்தப் பெட்டிக்குத்தான் போகிறது.

"முதலாளிகளும் தர்மம் செய்கிறார்களே" என்பார்கள். செய்கிறார்கள். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதைச் செய்துவிட்டுப் பள்ளிக்கூடச் சுவரில் பெயரையும் எழுதிக்கொள்கிறார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று நிதி மந்திரியே சொன்னார். இதில் எத்தனை ஆஸ்பத்திரி கட்டலாம்? எந்தச் சுவரில் எழுதினார்கள் இந்தச் சலுகையை? நீங்கள் உண்டியலில் போடும் பத்து ரூபாய்க்கோ வரிச்சலுகை கிடையாது. சோப்புக்கும் செருப்புக்கும் ஜி.எஸ்.டி. கட்டியதுபோக மிஞ்சிய காசு அது.

கொடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பக்கத்துக் குடிசை எரிந்தால் சட்டம் பேசிக்கொண்டு நிற்க முடியுமா? கொடுங்கள், கணக்கும் கேளுங்கள். நாமும் துண்டேந்தி வசூல் செய்கிறவர்கள்தான். வேலைநிறுத்த நிதி என்று மில் கேட்டில் நிற்கும் நம் தோழரிடமும் ரசீது கேளுங்கள். மாதக் கடைசியில் சங்க ஆபீஸ் பலகையில் வரவு செலவு ஒட்டப்படவில்லை என்றால் அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து கேளுங்கள்.